இரண்டுக்கு மேல் திறக்கக் கூடாது

ஜூன் 11, 2024

காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் என்னிடம் மலையாளத்தில் பேசினார். "சேச்சி, ஆ சாக்கு இங்கோட்டு எடுக்கூ" என்றார், அந்தச் சாக்கை இங்கே எடு என்று. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குமுளிக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பாதி ஆயுளை மேஸ்திரியாகக் கழித்தவர். அங்கே வேலைக்கு வரும் பெண்களை அதட்டுகிற குரல் அது.

"நான் ராணிங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "தெரியும், போ" என்றார்.

தெரிந்திருந்ததா?

ஜூன் 19

எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபடியே தூங்கிவிடுகிறார். மூச்சு வாங்குவது பழகிப்போனது. ஏலக்காய் உலர்த்தும் அறையின் விறகுப் புகையும் பீடியும் சேர்ந்து நெஞ்சை அரித்து எத்தனையோ வருடமாயிற்று. இந்தத் தூக்கம்தான் புதிது.

ஜூன் 30

எங்கள் பள்ளி ஜெபஷீலா டீச்சர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். அவள் எதிரிலேயே சொன்னார்: "இவ எப்படா நான் சாவேன்னு உக்காந்திருக்கா, டீச்சர். சோத்துல என்னமோ கலக்குறா."

ஜெபஷீலா காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 8

தேனிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். "தொண்ணூத்தி மூணு" என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு, "மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்" என்றார். மூட்டை எடையெல்லாம் மனக்கணக்கில் போட்ட மனிதர். கையை நீட்டச் சொன்னபோது மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டது.

மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "நுரையீரல் கெட்டா மூச்சு மட்டும்தான் வாங்கும்னு நினைக்கிறோம். அப்படியில்லம்மா. ரொம்ப நாளா ஆக்சிஜன் பத்தாம மூளை களைச்சுப் போச்சு. இப்ப வெளிய போக வேண்டிய கரியமில வாயுவும் ரத்தத்துல தேங்குது. அதான் தூக்கம், குழப்பம், சந்தேகம் எல்லாம்" என்றார்.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் எழுதிக் கொடுத்தார். அதன் திருகு இரண்டில்தான் இருக்க வேண்டும். கூட்டினால் மூச்சு இன்னும் மந்தமாகிவிடும், தேங்கிய வாயு ஏறி ஆளையே மயக்கிவிடும். "கேட்டாலும் கூட்டாதீங்க. கெஞ்சினாலும் கூட்டாதீங்க." வெளியே வரும்போது என்னை மட்டும் நிறுத்தி, "திட்டினா மனசுல வச்சுக்காதீங்க. அது அவர் இல்ல" என்றார்.

அது அவர் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

ஜூலை 21

பால் தம்ளரை என் மேல் வீசினார். அது அவர் இல்லை.

ஆகஸ்ட் 2

மேற்கே இருந்து காற்று அறைகிறது. நடுப்பகலில் கேட்டார், "ராணி, கொஞ்சம் கூட்டேன். ஒரு பொட்டு."

ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை அவர் விரலில் மாட்டிப் பார்த்தேன். டாக்டர் போதும் என்று சொன்ன அளவுதான் காட்டியது. "கூடாதுங்க" என்றேன். கைகளைக் கூப்பினார். என்னைக் கட்டிய நாளிலிருந்து யாரையும் இப்படிக் கும்பிட்டுப் பார்த்ததில்லை, கோயிலில் தவிர. நான் கருவியின் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெங்கே பார்த்திருந்தாலும் என் கை திருகுக்குப் போயிருக்கும்.

ஆகஸ்ட் 3

இன்றும் கேட்டார். இன்றும் இரண்டுதான்.

ஆகஸ்ட் 17

கெங்குவார்பட்டியிலிருந்து அவருடைய தங்கை ரோசம்மாள் வந்திருக்கிறாள். வந்த அன்றே அவர் கெஞ்சுவதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன மதினி, குடிக்கத் தண்ணி கேக்குற மாதிரி கேக்குறாக. கூட்டி வச்சாத்தான் என்ன?"

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"டாக்டருக்கென்ன? அவுகளா மூச்சுக்குத் தவிக்கிறாக?"

மறுபடியும் சொன்னேன். திருகைக் காட்டி, இரண்டைக் காட்டிச் சொன்னேன். தலையாட்டினாள். நான் பள்ளிக்குப் போகும் நேரத்துக்கு வீட்டில் ஒரு ஆள் இருப்பது நல்லதுதானே.

ஆகஸ்ட் 20

ஸ்கூல் விட்டு வந்தேன். வாசல்லயே ரோசம்மாள் வாயில் விரலை வைத்து, "மெல்ல வாங்க மதினி. எத்தன நாளைக்கப்புறம் நிம்மதியாத் தூங்குறாக" என்றாள்.

முகம் சிவந்து, வேர்த்து, வாய் திறந்து கிடந்தார். மூச்சு எங்கோ ஆழத்திலிருந்து ஒன்று, அப்புறம் ஒன்று. திருகு கடைசி வரை திறந்திருந்தது. உலுக்கினேன். கன்னத்தில் அடிச்சேன். எந்திரிக்கல. எந்திரிக்கவே இல்ல—

108 வந்தது. தேனி வரைக்கும் ரோசம்மாள் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவர் மார்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 22

தொண்டையில் குழாய். "யார் கூட்டினது?" என்று டாக்டர் கேட்டார். ரோசம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "தெரியாம நடந்துருச்சு" என்றேன்.

உறவெல்லாம் வந்துவிட்டது. எல்லோரும் அவளைத்தான் தேற்றுகிறார்கள். என்னிடம் அவருடைய சித்தப்பா மகன் கேட்டது ஒன்றே ஒன்று: "இப்படிக் கெடக்குற மனுசன விட்டுட்டு நீங்க எங்க போயிருந்தீக?"

ஆகஸ்ட் 30

குழாயை எடுத்துவிட்டார்கள். இனி தூங்கும்போதெல்லாம் முகமூடி மாட்டி ஒரு மெஷின் காற்றை உள்ளே தள்ளும். தேங்கும் வாயுவை அது வெளியேற்றும் என்கிறார்கள்.

செப்டம்பர் 14

பேப்பரைச் சத்தமாக வாசித்தார். தானாகவே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து இரண்டு வரைக்கும் வந்து நின்றார். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷெரின் போனில் பேசியபோது அவளுடைய ஆபீஸ் மேனேஜர் பெயரைச் சொல்லி விசாரித்தார். அவள் அந்தப் பக்கம் அழுதுவிட்டாள். நானும்தான், அடுப்படியில்.

மனிதர் திரும்பி வந்துவிட்டார். ரொம்பத் திட்டிவிட்டேனா என்று ஒருநாள் கேட்பார். இல்லை என்று சொல்ல வேண்டும்.

அக்டோபர் 3

கேட்கவில்லை. சொன்னார்.

காலைச் சாப்பாடு முடிந்து, நிதானமாக, கை துடைத்த துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். "டாக்டர் எல்லாம் விளக்குனாக. ரோசி செஞ்சது தப்பு. நீ செஞ்சதுதான் சரி. எனக்குப் புரியாம இல்ல."

நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஆனா அன்னைக்கு நான் உன்னக் கும்பிட்டேன் ராணி. நீ அந்த நம்பரத்தான் பாத்த. என்னையப் பாக்கல. ரோசி அழுதுக்கிட்டே திறந்தா."

"திறந்ததுதாங்க உங்களக் கொல்லப் பாத்துச்சு."

"ஆமா. இருந்தாலும் இனி அவகூடத்தான் இருக்க முடியும். உன்னையப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுது."

ராத்திரி முழுக்க முகமூடி மாட்டித் தூங்கி எழுந்தவர். தலைவலி இல்லை. கை அடித்துக்கொள்ளவில்லை. நான் எழுந்துபோய் விரல் கருவியை எடுத்து வந்து மாட்டினேன். எண் நன்றாகவே இருந்தது.

அவர் லேசாகச் சிரித்தார். "பாத்தியா? இப்பவும் அதத்தான் பாக்குற."

அக்டோபர் 7

தேனி. மறுபடியும் மணிக்கட்டில் ரத்தம் எடுக்கச் சொல்லி நானே வற்புறுத்தினேன். அந்த வாயு ஏதாவது ஏறியிருக்கும். ஏறியிருக்க வேண்டும். மாதாவே, கொஞ்சமாவது ஏறியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்ன மனுசி நான்?

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டர். அவரிடம், "உங்க வீட்டம்மா கண்டிப்பா இருந்ததாலதான் அத்தனை நாள் தாங்கினீங்க" என்றும் சொன்னார்.

"ஆமா டாக்டர். அவ சரியாத்தான் செஞ்சா" என்றார் அவர். வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வது போல.

அக்டோபர் 12

ரோசம்மாள் மகன் ஜீப்பில் வந்து அவரைக் கெங்குவார்பட்டிக்குக் கூட்டிப்போனான். இரண்டு மெஷினும் போயின. ஏறும்போது இருமல் வந்தது. பழக்கத்தில் முதுகைத் தடவக் கையை நீட்டினேன். தோளைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 13

ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை.

நவம்பர் 10

ரோசம்மாள் போன் செய்தாள். முகமூடியை வெந்நீரில் கழுவலாமா என்று கேட்டாள். வெதுவெதுப்பான நீரில், கொஞ்சம் சோப்பு போட்டு, நிழலில் காயவைக்கச் சொன்னேன். ஆக்சிஜன் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னேன். "இப்ப அண்ணனே பாத்துக்கிறாக மதினி" என்றாள்.

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. யாரிடமோ திராட்சை விலை பேசிக்கொண்டிருந்தார். இழுக்காமல், திணறாமல், கணக்குப் பிசகாமல்.

"அண்ணே, மதினி லைன்ல இருக்காக. பேசுறீகளா?"

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன்ல" என்றார். மறுபடி விலைக்குத் திரும்பினார்.

சாயங்காலம் ஷெரின் கூப்பிட்டு, "அப்பா எப்படி இருக்காகம்மா?" என்று கேட்டாள்.

நல்லாத் தெளிஞ்சிட்டாக என்று சொன்னேன்.