சுண்ணாம்புத் தூளில் விழுந்த வட்டம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கொத்தனார்,
நோயாளி பதிவு எண் 214-இன் தகப்பன்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
உடலியக்க மறுவாழ்வுப் பிரிவு,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: ‘முன்னேற்றம் இல்லை’ என்று என் மகளின் பயிற்சியை நிறுத்தியதை மறுத்தும், அதை மீண்டும் தொடங்கக் கோரியும்.

பார்வை: என் முந்தைய இரண்டு மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாற்பத்தொரு ஆண்டுகள் சுவர் எழுப்பியவன். நேராக நிற்பது பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது என்பதைத் தங்கள் பயிற்சிக் கூடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

2. என் மகளுக்கு வயது முப்பத்தாறு. சட்டை தைக்கும் நிறுவனத்தில் துணி வெட்டுகிறாள். சிறுமூளை மெல்லத் தேயும் நோய் தாய்வழியாக அவளுக்கு வந்திருக்கிறது. அவள் தள்ளாடுவதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். அது பற்றி இங்கே புகார் இல்லை. நிற்பதற்காக ஒரு கை மேசையைப் பிடித்துக்கொண்டால் துணியைப் பிடிக்கக் கை ஏது? இரண்டு கையையும் விட்டு நிற்கும்வரைதான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

3. பயிற்சியாளர் அம்மா பன்னிரண்டு வாரம் அவளைப் பழக்கினார். பஞ்சு மெத்தைமேல் நிற்க வைத்தார். கண்ணை மூடச் சொன்னார். விழவும் கற்றுக்கொடுத்தார். எதற்கு இதெல்லாம் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். “காதுக்குள்ள ஒரு மட்டம் இருக்குங்க ஐயா, உங்க ரசமட்டம் மாதிரியே. அதுலயும் தண்ணிதான். காது, கண்ணு, பாதம் மூணும் சொல்றதைக் கேட்டு ஒடம்பு நிக்குது. அதைக் கூட்டிப் பாக்குற கணக்குப்பிள்ளைதான் சிறுமூளை. இவங்களுக்கு அவரு தூங்கிட்டாரு, எழுப்பிட்டு இருக்கேன்” என்றார். இத்தனை காலம் ரசமட்டத்தைப் பையில் சுமந்தவன், தலைக்குள்ளும் ஒன்றைச் சுமந்திருக்கிறேன்.

4. சும்மா நம்பிவிடுவது என் வழக்கமல்ல, பயிற்சி தொடங்கும் முன்பே அளந்து வைத்திருந்தேன். மகளின் இடுப்பு வாரில், சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைக் கட்டி, அதன் முனை படும்படி கீழே ஒரு தாம்பாளத்தில் சலித்த சுண்ணாம்புத் தூளைப் பரப்பினேன். கால்களைச் சேர்த்து ஒரு நிமிடம் நிற்கச் சொன்னேன். அவள் ஆடிய ஆட்டத்தைக் குண்டு தூளில் கோடாக வரைந்தது. பயிற்சிக்கு முன் அந்த வட்டத்தின் அகலம் பதினான்கு சென்டிமீட்டர். பன்னிரண்டு வாரம் கழித்து எட்டரை.

5. பிறகு நானே நின்றேன். கல் தூண் போலத்தான் நின்றேன். குனிந்து பார்த்தால் எனக்கும் இரண்டே முக்கால் சென்டிமீட்டரில் ஒரு வட்டம். ஐயா, எழுபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு நொடியும் நான் விழப் போயிருக்கிறேன். என்னைக் கேட்காமலே ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியிருக்கிறது. எனக்குச் சும்மா கிடைத்த அந்த வேலையை என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, தானே, நொடிக்கு நொடி செய்கிறாள். நான் கட்டிய எந்த மாடியும் இதற்கு ஈடில்லை. மகள் வயிற்றுப் பேத்தி, ஏழு வயது, தானும் நிற்பேன் என்று அடம்பிடிக்கிறாள். அவளை அந்தத் தூளருகே நிறுத்த எனக்குத் துணிவில்லை. தாம்பாளத்தைப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

6. இந்நிலையில் பயிற்சிப் பட்டியலிலிருந்து அவள் பெயர் அடிக்கப்பட்டது. தங்கள் படிவம், ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தாள் என்று மட்டுமே கேட்கிறது. அன்றும் இருநூற்றுப் பத்து, இன்றும் இருநூற்றுப் பத்து. எப்படி நின்றாள் என்று எழுத அதில் இடமே இல்லை. “பெரியவரே, ஏறலைன்னா எடுத்துடணும், அதான் ரூல்” என்றார் எழுத்தர். “கட்டின சுவரு சாயாம நிக்குதுன்னா, வேலையே நடக்கலைன்னு சொல்வீங்களா தம்பி?” என்று கேட்டேன். சிரித்தார். ‘முன்னேற்றம் இல்லை’ என்று குத்திய முத்திரையை மட்டும் மாற்றவில்லை.

7. நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. தாம்பாளத்தை இறக்கி மறுபடி அளந்தேன். வட்டம் பன்னிரண்டு சென்டிமீட்டர். மகள் இப்போது இடது முழங்கையை மேசையில் ஊன்றி வெட்டுகிறாள். முதலாளி இன்னும் கவனிக்கவில்லை.

8. என் மனைவிக்கும் இதே நோய். “நடக்காதே, விழுந்திடுவே, படுத்துக்கோ” என்று நான்தான் அவளைப் படுக்க வைத்தேன். அன்பாகத்தான் சொன்னேன். ஒன்பது ஆண்டுகள் படுத்தே இருந்தாள், பிறகு இல்லை. எனக்குச் சொல்லித்தர அன்று ஆளில்லை. தங்களுக்குப் பயிற்சியாளர் அம்மா இருக்கிறார், தங்கள் கூடத்திலேயே வேலை செய்கிறார்.

9. ஆகவே, என் மகளின் பயிற்சியை இந்த வாரமே மீண்டும் தொடங்க ஆணையிடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆளைக் கீழே இறக்கும் நோயில் இறங்காமல் நிற்பதும் முன்னேற்றமே என்று படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். இரண்டுக்கும் மனம் வரவில்லையென்றால் ஒரே ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். தூக்குக்குண்டும் தாம்பாளமும் கொண்டுவந்திருக்கிறேன். தாங்கள் நின்று பார்த்துவிட்டு முடிவெழுதுங்கள். அதுவரை இந்த இடத்தைவிட்டு எழுவதாக இல்லை.

நாள்: ஜூலை 14, திங்கள், காலை 9.40
இடம்: தங்கள் அறைக்கு எதிரே, மூன்றாவது பெஞ்சு

இப்படிக்கு,
(கையொப்பம்)
214-இன் தகப்பன்

இணைப்பு: வட்டங்களின் படி, ஐந்து தாள்கள். முதல் மூன்றும் என் மகளுடையவை. நான்காவது என்னுடையது. ஐந்தாவது தாள் வெறுமையாக உள்ளது, அது தங்களுக்கு.