நீர் கடைசியாகப் பேசிய பாஷை

என் அன்பான சாந்தா,

நேற்று நிரோ பத்தாம் வகுப்புக்குப் போனாள். உம்முடைய பச்சைக் கம்பளிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டாள். கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டேன். உமக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

போட்ஸ்வானாவுக்கு நான் கணித ஆசிரியராகப் போனபோது ஆங்கிலம் என்னைக் காப்பாற்றியது. உமக்கு ஆங்கிலமும் வராது, அந்த ஊர்ப் பாஷையும் வராது. நிரோவை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தீர். ஒருநாள் குழாயடியில் யாருக்கும் வணக்கம் சொல்லாமல் வாளியை வைத்துவிட்டீர். பெண்கள் முகத்தைத் திருப்ப, அழுதுகொண்டு வந்தீர். பின்னாலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளை லெராட்டோவின் அம்மா வந்தாள். உம்முடைய கையைப் பிடித்து, "டுமெலா, ம்மா" என்று வணக்கம் சொல்லச் சொல்லித் தந்தாள்.

"எங்கடை அம்மா மாதிரித்தானே கிடக்கு," என்று சிரித்தீர்.

அதற்குப் பிறகு உம்மைப் பிடிக்க முடியவில்லை. கூழ் கிண்டினீர், செத்தவீடுகளில் அவர்களோடு சேர்ந்து பாடினீர், சந்தைக்காரியைப் பகிடி பண்ணிச் சிரிக்கவைத்தீர். ஊரே உம்மை நிரோவின் அம்மா என்று 'ம்மா-நிரோ' என்றது. நிரோவும் அந்தப் பாஷையிலேயே விளையாடி வளர்ந்தாள். அத்தனை வருடத்தில் நான் படித்தது கடைக்குப் போதுமான சில சொற்கள்தான்.

ரொறன்ரோவுக்குப் போவோம் என்றது நான்.

"இங்கை எனக்கு என்ன குறை?" என்று கேட்டீர்.

"பிள்ளை எங்கடை ஆக்களோடை வளரவேணும்."

அது பிழையா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்காபரோவில் எங்கள் கட்டடம் முழுக்கத் தமிழ். நீர் லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வீர். ஒரு பிறந்தநாள் வீட்டில் என் அண்ணி, "சாந்தாவுக்கு ஆபிரிக்காப் பழக்கம் இன்னும் விடேல்லை," என்று சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அதன்பின் லிஃப்டில் நீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர். கண்டும் நான் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள், காய்ச்சலோடு கண் திறந்து என்னைப் பார்த்தீர். "அ ரெ யே ஹாயே," என்றீர். திரும்பவும் சொன்னீர். எனக்கு விளங்கவில்லை.

"தமிழிலை சொல்லும், சாந்தா," என்றேன். நீர் கண்ணை மூடிக்கொண்டீர்.

பள்ளிக்கூடம் முடிந்து நிரோ வந்தபோது நீர் பேசும் நிலையில் இல்லை. அறை வாசலில் வைத்து அந்தச் சத்தத்தை அவளுக்குச் சொல்லிக் காட்டினேன்.

"வீட்டை போவம் எண்டு கேட்டிருக்கிறா, அப்பா."

"எந்த வீட்டை?"

அவள் உள்ளே உம்மிடம் போனாள். எந்த வீடாக இருந்தால் என்ன, "ஓம், போவம்" என்று நான் சொல்லியிருக்கலாம்.

நீர் போனதை லெராட்டோவின் அம்மாவுக்கு இன்னும் அறிவிக்கவில்லை. போன மாதம், அங்கே நான் படிப்பித்த பள்ளிக்கூடத்து ரெலிபோனிலிருந்து அழைப்பு எடுத்தாள். "ம்மா-நிரோ?" என்று கேட்டாள். ரெலிபோனை வைத்துவிட்டேன். தான் சொல்லட்டுமா என்று நிரோ கேட்டாள், நான் விடவில்லை. இப்போது வேலையால் வந்ததும் அவளிடம் அந்தப் பாஷையைப் படிக்கிறேன். "அப்பா, திரும்பவும் பிழை," என்கிறாள். பிறகு பொறுமையாகச் சொல்லித் தருகிறாள், உம்மைப் போலவே.

வரும் வெள்ளிக்கிழமை லெராட்டோவின் அம்மாவுக்கு நானே எடுப்பேன். பிழையாகச் சொன்னாலும் அவளுடைய பாஷையில் நானே சொல்வேன். அவள் அழுது முடிக்கும்வரை ரெலிபோனை வைக்க மாட்டேன்.

உம்முடைய,
நிரோவின் அப்பா