ஒரு சொல்லால் வந்த கலக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? சாந்தியாகோவில் நான் நலம்.

நான் கவனித்துக்கொள்ளும் எல்வீரா அம்மையார், தன்னோடு மேசையில் சாப்பிடக் கூப்பிட்டார். "ஐயோ, எனக்குப் பெனாவா இருக்கும்மா" என்றேன். நம் கொலம்பியாவில் 'பெனா' என்றால் கூச்சம். இந்தச் சிலியில் துக்கமாம்! மறுநாள் அதைக் கேள்விப்பட்டு அவர் மகள் வந்து, "இவ்வளவு துக்கத்தோட ஏன் இருக்கணும்? ஊருக்கே போயிடு, டிக்கெட் எடுத்துத் தர்றேன்" என்றாள். வேலை போயிற்றென்று நடுங்கிவிட்டேன்.

"துக்கமில்லக்கா, வெக்கம்!" என்றதும் அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். "அட அசடே, உக்காரு, சூப் ஆறுது."

உட்கார்ந்தேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

நம் ஊர் வெல்லம் இரண்டு கட்டி அனுப்புங்கள். சுற்றும் தாளில் உங்கள் கையால் எதையாவது எழுதுங்கள், திட்டினாலும் சரி. அம்மையார் கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகள்,
யுர்லேடிஸ்