ஒரே சீராக வெந்த சோறு

இன்று மத்தியானம் சாப்பிடும்போது வேகாத அரிசி ஒன்று பல்லில் சிக்கியது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல். தட்டைப் பார்த்தேன். பாதி குழைந்திருந்தது, பாதி அரிசியாகவே இருந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, நல்லா இல்லியா? அம்மா வெளியே போயிருந்தாங்க. பானையிலே அரிசி பத்தலை. அந்தத் தகர டப்பாவிலே கிடந்ததையும் சேத்துப் போட்டுட்டேன்."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நீ செத்து நான்கு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் என் தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

அது நீ கொடுத்த டப்பா. முதல் பொதுத் தேர்தலில் சட்டசபைக்குச் சுயேச்சையாக நின்றாயே, அப்போது ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாய். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்து வாங்கிக்கொள்வோம். உனக்காக வேலை செய்கிற பையன்களுக்கு அதுதான் சோறு. "பணக்காரன் எவன்கிட்டயும் கை நீட்ட மாட்டேன். இன்னிக்கி கை நீட்டினா நாளைக்கு அவன் சொன்ன இடத்திலே கையெழுத்துப் போடணும்" என்று மில் வாசலில் நீ பேசியபோது, முதலில் கை தட்டியவன் நான்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு. எட்டாவது வரைக்கும் படித்தவன் என்பதற்காக என்னை நீ வாத்தியாரே என்று கூப்பிடுவாய். அந்தப் படிப்பை நம்பித்தான் தேர்தல் ஏஜென்டாகவும் ஆக்கினாய் என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலும் என் தலையில் விழுந்தது. மில் கான்டீனில் ஒரு மாதம் வெங்காயம் நறுக்கிய தகுதி. அது ரேஷன் காலம். ஒரு வீட்டு அரிசி பச்சை, ஒரு வீட்டு அரிசி புழுங்கல், ஒன்று சிவப்பு, இன்னொன்றில் பாதி கல். எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்தால் ஒன்று குழையும்போது மற்றொன்று கண்ணே திறக்காது. "அண்ணே, இது சோறா, கோலிகுண்டா?" என்று பையன்கள் கேட்பார்கள். நீ மட்டும் வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாய்.

குப்பம்மாளை நீ மறந்திருக்க முடியாது. கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவள். சந்தின் கோடியில் ஆறேழு குடிசைகள் இருந்ததே, அதில் ஒன்று அவளுடையது. "புடி சின்னதுன்னு பாக்காதே சாமி, என் கையே சின்னது" என்று சொல்லித்தான் டப்பாவைக் கவிழ்ப்பாள். "ஜெயிச்சதும் இந்த இடத்தை எங்க பேர்ல எழுதிக் குடுத்துடச் சொல்லு. அது போதும்" என்பாள். அவள் எதிரிலேயே நீ தலையாட்டினாய்.

தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு ஜீப் வந்தது. தெரிந்தவர் இரவல் கொடுத்தார் என்றாய். அதே வாரம் அரிசியும் மாறியது. ஒரே நிறம், ஒரே நீளம். அண்டாவைத் திறந்தால் சோறு மல்லிப்பூ மாதிரி நின்றது. பையன்கள் மூன்றாம் தடவை வாங்கித் தின்றார்கள். சிரிக்காதே, என் கைதான் தேறிவிட்டது என்று நான் நம்பினேன். கரண்டியும் கையுமாக உன் எதிரில் வந்து நின்று, "எப்படி?" என்றேன். நீ ஒரு கவளத்தை மென்று, கண்ணை மூடி, "கைப்பக்குவம் வந்துடுச்சி வாத்தியாரே" என்றாய். அன்று ராத்திரி அதை என் பெண்சாதியிடம் நான்கு தடவை சொன்னேன்.

நீ ஜெயித்தாய். செலவு வரம்புக்கு மேல் போகவில்லை என்று கணக்கு எழுதித் தர வேண்டியிருந்தது. சாப்பாடு என்ற இடத்தில், "பொதுமக்கள் தந்த பிடி அரிசி" என்று என் கையால் எழுதினேன். எழுத்து கோணாமல் இருக்க ஒரு முறை வேறு காகிதத்தில் எழுதிப் பழகினேன். மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு குமாஸ்தா அளவு நாடாவோடு சந்துக்கு வந்தான். குடிசைகளைத் தூக்கிவிட்டு அங்கே தன் முதலாளியான கான்ட்ராக்டருடைய மரக் கிடங்கு வரப்போவதாகச் சொன்னான். சண்டைக்குப் போன என்னை அடையாளம் கண்டு சிரித்தான். "சோறாக்கினவரு தானே நீங்க? நம்ம யஜமானரு மூட்டை மூட்டையா அனுப்பினாரே, அந்த அரிசி சென்னாகித்தா?"

நன்றாக இருந்ததா என்று கன்னடத்தில் கேட்கிறான்.

நேரே உன்னிடம்தான் வந்தேன். நீ மறைக்கவில்லை.

"தெரிஞ்சிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லலை. பொய் சொன்னா உன் மூஞ்சியிலே எழுதி ஒட்டியிருக்கும். நெசம்னு நீயே நம்பினாத்தான் மாஜிஸ்திரேட்டும் நம்புவான்."

அப்புறம் குரலை இறக்கினாய். "புடி அரிசியிலே ஜீப் ஓடுமா? பெட்டி சர்க்கார் குடுக்குது, ஓட்டுச் சீட்டு சர்க்கார் அடிக்குது. பெட்ரோலுக்கும் நோட்டீசுக்கும் எனக்கு யார் குடுத்தா? இதுக்கு மேல செலவு பண்ணாதேன்னு சட்டம் மட்டும்தான் குடுத்தாங்க."

தேர்தலில் நிற்கிற எல்லா அபேட்சகர்களுக்கும் சர்க்காரே ஒரே அளவாகக் கொடுத்திருந்தால் நீ அந்தக் கான்ட்ராக்டர் வாசலுக்குப் போயிருக்க மாட்டாயோ என்று சில நாள் தோன்றும். ஆனால், எங்கள் வேகாத சோற்றோடு நீ தோற்றிருக்கலாமே. தோற்றவனோடு ஆயுசு முழுக்க ஒரே ஷிப்டில் வேலை செய்திருப்பேன். எட்டாவது படித்த மூளைக்காக நீ என்னைக் கூப்பிடவில்லை, ஏமாளி மூஞ்சிக்காகக் கூப்பிட்டாய் என்பதுதான் இன்னும் செரிக்கவில்லை.

குடிசை போனபின் குப்பம்மாள் இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். என் பெண்சாதி அந்த டப்பாவில் பிடி அரிசி போடுவதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை நான் குப்பம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீ போன சேதியைச் சொன்னதும் அவள் உள்ளே போய் ஒரு பிடி அரிசி எடுத்து வந்து என் துண்டில் முடிந்தாள். "வாய்க்கரிசி போடப் போவே இல்லே? என் பங்கையும் போட்டுடு. இதையாவது அவன் எங்கிட்டேதான் வாங்கினான்னு இருக்கட்டும்."

போட்டேன். மாலைகளுக்கு நடுவில் உன் வாயைத் தேடி, அவளுடையதைப் போட்டேன். என்னுடையது நம் டப்பாவிலிருந்து எடுத்துப்போன ஒரு பிடி. அதற்குக் கை விரியவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ள, மூடிய கையோடு வீட்டுக்கு வந்தேன். சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்த அரிசியை யாருக்கும் தெரியாமல் டப்பாவிலேயே போட்டுவிட்டேன். அதைத்தான் இன்று மகள் வடித்திருக்கிறாள். பெண்சாதிக்குத் தெரிந்தால் வீட்டைக் கழுவிவிட்டு என்னையும் கழுவுவாள்.

"சொல்லு நைனா, நல்லா இல்லியா?" என்று மகள் மறுபடி கேட்டாள். கைப்பக்குவம் வந்துடுச்சி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வேகலைம்மா" என்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.