மூன்றாவது விளக்குக் கம்பம்

ஜூன் 3, செவ்வாய்

எலி மறுபடி புத்தக அலமாரிக்குள் போயிருக்கிறது. இந்த முறை ஒரு நாவலின் கடைசி இருபது பக்கம். நான் இன்னும் படித்து முடிக்காத நாவல். அதன் முடிவு இப்போது எலிக்கு மட்டும்தான் தெரியும்.

மாடியில் குடியிருக்கும் நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். "பசை அட்டை வாங்கி வை. காலைல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்."

"அதை யாருக்கா எடுத்துப் போடறது?"

"அதுக்குத்தான் அங்கிள் இருக்காரே."

அப்பா செய்தித்தாளை இறக்காமலே சொன்னார். "கம்பிக்கூண்டு வைப்போம். புடிக்கிறது உன் பொறுப்பு, கொண்டுபோய் விடறது என் பொறுப்பு. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி விட்டா திரும்பாது. எண்ணூத்தி நாப்பது மீட்டர்."

நில அளவையராக முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். மீட்டர் சேர்க்காமல் எந்த இடத்தையும் சொல்ல மாட்டார்.

ஜூன் 5

வறுத்த நிலக்கடலைக்கு விழுந்துவிட்டது. கூண்டின் மூலையில் ஒடுங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே மீசையைத் துடைத்தது. அப்பா பழைய துண்டால் கூண்டை மூடினார். இருட்டாக இருந்தால் பயப்படாதாம். போய் நாற்பது நிமிடத்தில் திரும்பினார்.

"பாத்தியா, எலியையே நாடு கடத்திட்டேன். நான் தனியா இருக்க மாட்டேனா?"

எனக்கு வந்த நூலக வேலைக்கான கடிதத்தைத்தான் சொல்கிறார். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். ரயிலில் ஒன்பது மணி நேரம். அம்மா போய் இரண்டு வருடம். இவரால் தனியாகச் சமாளிக்க முடியும் என்று தெரிந்தால் மட்டுமே போவேன் என்று சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து ஏதோ தேர்வு எழுதுகிறவரைப் போல நடந்துகொள்கிறார். சட்டையைத் தானே தேய்க்கிறார், கண்ணாடியைத் தேடும்போது என்னைக் கேட்பதில்லை.

ஜூன் 8

இன்னொன்று. வலது காதில் சின்ன வெட்டு.

ஜூன் 10

மறுபடி ஒன்று. வலது காதில் அதே வெட்டு. அப்பாவிடம் சொன்னேன்.

"எல்லா எலிக்கும் அதே காதுதான்" என்றார்.

அவர் குளிக்கப் போனபோது ஒரு வேலை செய்தேன். வால் கம்பிக்கு வெளியே நீண்டிருந்தது. தோழி கல்யாணத்துக்கு வாங்கி ஒரே நாள் போட்ட சிவப்பு நகப்பூச்சு இருந்தது. வால் நுனியில் ஒரு சொட்டு. அது கோபித்துக்கொள்ளவில்லை.

ஜூன் 12

சிவப்பு வால்! சமையலறைத் தொட்டிக்கு அடியில், கூண்டுக்குள், கடலையை முழுசாகத் தின்று முடித்துவிட்டு.

எண்ணூற்று நாற்பது மீட்டர், நடுவே ஒரு கால்வாய். எப்படி வந்தது? மதியம் முழுக்க இதைப் பற்றியே படித்தேன். சில எலிகள் கொஞ்ச தூரம் வரை திரும்பி வருமாம். ரொம்ப தூரத்தில் விட்டால் பெரும்பாலானவை திரும்புவதில்லை. வேறெங்கோ நன்றாக இருப்பதால் அல்ல. பொந்து தெரியாது, இரை தெரியாது, சில நாட்களில் செத்துப்போகின்றன.

கருணை என்று நான் பெயர் வைத்திருந்தது சாவைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவைப்பதைத்தானா?

ஜூன் 15, ஞாயிறு

சிவப்பு வால் மறுபடி விழுந்தது. கூண்டை எடுத்துக்கொண்டு போன அப்பா துண்டை மறந்துவிட்டார். எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பாலம் வரை போகத் தேவையிருக்கவில்லை. மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் கூண்டு திறந்து கிடந்தது, காலியாக. அப்பா ஒரு சிமெண்ட் பலகைமேல் உட்கார்ந்து வலது கெண்டைக்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். நின்றிருந்த வேன் ஒன்றின் பின்னால் ஒதுங்கினேன்.

காலைத் தடவிவிட்டார். சிகரெட் ஒன்று பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அப்புறம்தான் புரிந்தது — பாலத்துக்குப் போய்த் திரும்புகிற நேரம் ஆகட்டும் என்று காத்திருக்கிறார்.

நான் முன்னதாகவே வீடு திரும்பிவிட்டேன். அவர் நாற்பதாவது நிமிடம் உள்ளே வந்தார். "பாலத்துல நல்ல காத்து."

ஏம்ப்பா? யாரை ஏமாத்தறதுக்கு இவ்வளவு கணக்கு? ஆயுசு பூரா தூரத்தை அளந்த மனுஷன், பொய் சொல்றதுக்கும் தூரந்தானா கெடச்சுது?

என்னைப் போகவைக்கத்தான். தெரியாமல் என்ன.

ஜூன் 16

கூண்டில் கடலை வைக்கவில்லை.

ஜூன் 17

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "எலி பாலத்துல இருந்து வரலப்பா. மூணாவது கம்பத்துல இருந்து வருது."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படித் தெரியும்?"

"வால்ல நகப்பூச்சு வெச்சேன். ஞாயித்துக்கிழமை பின்னாலயே வந்தேன்."

"நல்ல முறை" என்றார். அளவையர் அளவையரைப் பாராட்டுவது போல. அப்புறம், "கொஞ்ச தூரம் போனா கால் இறுக்கிப் புடிக்குது. உட்காந்தா விட்டுடுது. சொன்னா நீ போகமாட்ட."

சொல்லாமலே இருந்திருந்தால் நான் போயிருப்பேன் என்பதுதான் என்னைச் சுடுகிறது.

ஜூன் 20

நர்ஸ் அக்கா விடவில்லை. "ஒரே வீட்ல ஒரு நர்ஸை வெச்சுக்கிட்டுக் கால் வலியை மறைச்சீங்களா அங்கிள்? வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும்." அவரே ஆட்டோ பிடித்தார்.

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது. மாத்திரை உண்டு. ஆனால் டாக்டரம்மா முக்கியமாகச் சொன்னது வேறு. "நடக்கறதுதான் மருந்து. வலிச்சா நில்லுங்க, வலி போனதும் மறுபடி நடங்க. தெனமும். சிகரெட் இன்னியோட சரி."

"ராத்திரி வரைக்கும் இன்னிதானே?" என்றார் அப்பா.

டாக்டரம்மா கையை நீட்டினார். பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஜூன் 26

நூலகத்தில் இரண்டு வாரம் கூடக் கேட்டேன், சரி என்றார்கள்.

குழாய் சமையலறைச் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஓட்டை. அப்பா பென்சிலை விட்டுப் பார்த்து, "இருபத்திரண்டு மில்லிமீட்டர், ராஜபாட்டை" என்றார். சிவப்பு வாலைக் கடைசியாக ஒருமுறை பிடித்துக் கொல்லைச் சுவருக்கு வெளியே விட்டோம். பிறகு கம்பிவலையைத் திணித்து சிமெண்ட் பூசினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

ஒன்று தோன்றுகிறது. அப்பாவின் கால் பாலம் வரை போயிருந்தால் அந்த எலி இந்நேரம் உயிரோடு இருந்திருக்காது.

ஜூலை 13

நாளைக் காலை ரயில். போவது சரிதானா என்று இன்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் போகமாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனில் அப்பா: "வரும்போது ஒரு நகப்பூச்சு வாங்கிட்டு வா. உன்னோடது தீந்துபோச்சு."

"திரும்ப எலியா?"

"எலியெல்லாம் இல்ல. சிவப்புதான் வேணும். வேற கலர்னா தூரத்துல தெரியாது."

எதற்கென்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16

விடியற்காலை வந்து இறங்கினேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பையை வைத்துவிட்டுச் சும்மா தெருவில் நடந்தேன்.

மூன்றாவது கம்பத்தில், இடுப்பளவு உயரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. கீழே பென்சிலில் தேதி: ஜூலை 14. நான் ரயில் ஏறிய நாள். நான்காவது கம்பத்தில் ஒன்று, ஜூலை 19. தையல்கடைச் சுவரின் மூலையில் ஒன்று. வலி வந்து நின்ற இடமெல்லாம் குறித்திருக்கிறார், நிலத்தில் கல் நட்டுக் குறிப்பது போல. பெரும்பாலும் ஒன்றைத் தாண்டித்தான் அடுத்தது. ஒன்றிரண்டு நாள் முந்தைய புள்ளியை எட்டாமலே நின்றிருக்கிறார், அதையும் மறைக்கவில்லை.

கடைசிப் புள்ளி பாலத்தின் கைப்பிடியில், பாதி தூரத்தில். குப்பியின் அடியைச் சுரண்டி வைத்ததுபோல மங்கலாக இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். காற்று நன்றாகத்தான் இருக்கிறது.