மைக்கில் நான் கூவிய ஊர்கள்

அண்ணா,

நேற்று பஸ் ஸ்டாண்டு வாசலில் என் மானம் போனது. விலையேற்றத்தை எதிர்த்து ஆர்ப்பாட்டம். என் மகள் அகிலா மைக்கைக் கையில் திணித்து, "கோஷம் போடுப்பா" என்றாள். எழுதிக் கொடுத்த தாள் சட்டைப்பையில் இருந்தது. கண்ணாடி வீட்டில் இருந்தது. வாயைத் திறந்தேன். கண்டக்டர் வேலையின் பழக்கம் முந்திக்கொண்டது. "செவிலிமேடு, தூசி, வந்தவாசி! ஏறு, ஏறு!"

கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. பின்னாலிருந்து ஒரு நெசவுக்கார அம்மா, "டெல்லிக்குப் போவுமா கண்டக்டரே?" என்று கேட்டார். "போவும்மா, ஏறிக்க" என்றேன். அதற்குத்தான் முதல் கைதட்டல்.

நீங்கள் இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. இதே கேள்விக்கு உங்களோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! நீங்கள் ஸ்டீயரிங்கில், நான் படியில். எட்டாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய நான்தான் தேசத்துக்கே தீர்ப்புச் சொல்வேன். "இங்க கத்தினா டெல்லிக்குக் கேக்குமாண்ணா? செவிலிமேட்டுக்கே கேக்காது."

"ஒரு ஸ்டாண்டு நின்னா கேக்காதுபா. எல்லா ஸ்டாண்டும் நின்னா, ஓட்டு கேக்க வர்றவன் எதுல வருவான்?"

"கார்ல வருவான்."

"வரட்டும். இறங்கித்தானே ஆவணும்?"

அந்த நாட்களில் ஒரு முறை, டீசல் விலைக்காக ஒருநாள் வண்டிகளை நிறுத்துவதென்று ஸ்டாண்டே கூடிப் பேசியது. விடிந்ததும் முதலாளிகள் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவராகக் கரைந்தோம். வேறு டிரைவரை வைத்து நம் வண்டி கிளம்பியபோது, காலண்டர் அட்டையில் கோரிக்கையை எழுதிப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஒருவர் மட்டும் மறித்து நின்றீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு விசில் ஊதினேன். வண்டி உங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நீங்கள் திட்டவில்லை. "டிக்கெட்ட ஒழுங்கா கிழிடா, பேச்சுல கோட்ட வுட்றாத" என்று சிரித்தீர்கள். அன்றே உங்களுக்கு வேலை போனது. ஓரிக்கைப் பக்கம் செங்கல் லாரி ஓட்டித்தான் கொஞ்சகாலம் பிழைத்தீர்கள்.

இப்போது பாருங்கள். பட்டு நூல் விலை தாங்காத நெசவாளர்கள், வேன்காரர்கள், காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள், எல்லாரும் ஒரே வரிசை. வேறு மாநிலங்களிலும் அதே நாளில் நிற்கிறார்கள். போன தேர்தலில் கார்க் கண்ணாடியைக்கூட இறக்காமல் போன கட்சிக்காரர்கள், இந்த முறை இறங்கி வந்து, "எழுதிக் குடுங்க, டெல்லியில பேசறோம்" என்கிறார்கள். பேசுவார்களா, தெரியாது. ஆனால் காது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. மறுபடி அந்தப் பக்கம் திரும்புவதற்குள் போய் நின்றாக வேண்டும்.

டெல்லியிலேயே போய் நிற்க அடுத்த வாரம் ரயில். போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. மூட்டு வலிக்குத் தைலமும் குளிருக்குக் குல்லாயும் வாங்கிவிட்டேன். குல்லாயோடு என்னைப் பார்த்தால் போலீஸ்காரரே பஸ் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். அனுப்பினாலும் திரும்பி வருவதாக இல்லை.

நேற்று என்னிடமிருந்து மைக்கை வாங்கிய அகிலா கூட்டத்தைப் பார்த்து, "எங்கப்பா அந்தக் காலத்துலயே டீசல் விலைக்காக பஸ்ஸ மறிச்சு நின்னவரு. அவரே கிளம்புறாரு, நம்ம கிளம்ப மாட்டமா?" என்றாள். சின்ன வயதில் அவளுக்கு நான் அப்படித்தான் கதை சொல்லி வைத்திருந்தேன். அதைக் கேட்டபிறகுதான் பெயர் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு வேன்காரத் தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நானும் குலுக்கினேன்.

மறித்து நின்றது இன்னொருத்தர், விசில் ஊதியவன் நான் என்று சொல்லவில்லை.