அம்மாவுக்கு நான் சைக்கிள் கற்றுக்கொடுத்த கதை

திண்டிவனம்
6-5-1962

அன்பு மகள் இருதயமேரிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் இடது கணுக்காலும் மாவுக்கட்டுக்குள் சுகமாகப் படுத்திருக்கிறது. பிலாயில் உன் உடம்பு எப்படி? ஆஸ்பத்திரி வேலைக்குச் சைக்கிளில் போவதாக எழுதியிருந்தாய், அதனால் இதைக் கவனமாகப் படி. பிரசவம் பார்க்கும் நர்ஸுகள் இனிமேல் சுற்றுக் கிராமங்களுக்கும் போகவேண்டுமாம், ஒரு மாதத்தில் சைக்கிள் பழகாவிட்டால் அம்மாவின் இடத்தில் வேறு ஆள் போடுவார்களாம். இத்தனை வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவன் வீட்டிலேயே இருக்கும்போது குரு தேடி வெளியே போவானேன்? இடது ஓரமாகப் போ, திரும்புமுன் கையை நீட்டு, சக்கரத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார், முன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்காதே என்று மைதானத்தில் தினமும் தொண்டை வறளச் சொன்னேன். மூன்று வாரத்தில் நன்றாகவே ஓட்டினாள், அது என் திறமை.

போன செவ்வாய்க்கிழமை லாரி, பஸ் ஓடும் ரோட்டுக்கு அழைத்துப் போனேன், வழிகாட்ட நான் முன்னால், அவள் பின்னால். கடைவீதி முனையில் சரியாக வருகிறாளா என்று தலையைத் திருப்பி, ஏய், முன்னாடி பாத்து ஓட்டு என்று கத்தினேன். அடுத்த கணம் மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் கிடந்தேன். வண்டிக்காரர் சுப்பராயலு, யோவ், சும்மா நின்னுக்கினு இருக்கிற வண்டியில வந்து மோதுறியே, கண்ணை எங்க வச்சிக்கினு வர்றே என்று கேட்டார். அதே நேரம் பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, என் கால் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அலறவில்லை. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து இறங்கி, சைக்கிளை எனக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தி, லாரிக்கு நேராகக் கையை நீட்டினாள். நாலடி தள்ளி நின்றது லாரி. பிறகு என்னைத் தூக்கி, கேரியர்ல ஜல்தியா உக்காருங்க, வாயைத் தொறக்காம வாங்க என்றாள். பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன், நான் தபால் கொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். வழி முழுவதும் அவள் ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று அதிகாரியம்மாள் முன்னால் ஓட்டிக்காட்டினாள், வேலை நிலைத்துவிட்டது. இன்று காலைப் பூசை முடிந்ததுமே பிரசவத்துக்கு ஆள் வந்து கூப்பிட, தனியாகவே போயிருக்கிறாள். ரோட்டில் லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். நான் தபாலுக்குப் போன காலத்தில் அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், ஒரு நாளும் சொன்னதில்லை.

மாதா உன்னைப் போகும்போதும் வரும்போதும் காப்பாளாக. வாரம் தவறாமல் ஒரு கார்டு போடு அம்மா, இரண்டு வரி போதும்.

உன் அப்பா
மாசிலாமணி